தவறு உங்களுடையது அல்ல

நேரில் அக்கா யாரிடமும் இரண்டு வார்த்தை இதமாகப் பேசி நான் கேட்டதில்லை. டீக்காரர் மாடிப்படி ஏறும்போதே, "ஆறிப்போனதைக் கொண்டாந்திருந்தா அப்படியே நீங்களே குடிச்சிட்டுப் போயிடுங்க" என்று குரல் கொடுப்பார். பஸ்ஸில் சில்லறை இல்லையென்று கண்டக்டர் முணுமுணுத்தால் ஒரத்தநாடு வரும்வரை அந்த மனிதருக்கு நிம்மதி இருக்காது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அவர் எழுதிவைத்த வாசகங்களைப் படித்தால், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தடவிப் பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று அவரிடமே கேட்டு நான் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் அதிராம்பட்டினத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கல்லூரி முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பாய்" என்பதோடு சரி. என்னைவிடச் சில வயது மூத்தவர். ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவர் அக்கா. யாராவது அதை வியந்து சொன்னால், "ஆமா, அதுக்கு இப்ப என்ன?" என்று எரிந்து விழுவார்.

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் சம்பளம் வந்தது பெரும்பாலும் ஒரே வாடிக்கையாளரால்தான். ஓர் அறக்கட்டளை. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து கீழே முத்துப்பேட்டைக் கடலோரம் வரைக்கும் அவர்களுக்கு நிலம் இருந்தது. அதில் தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற குடும்பங்கள் ஏராளம். வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் குத்தகைக்காரர்கள் அறக்கட்டளை ஆபீசுக்குப் போய், இந்த வருஷமும் நான்தான் இந்த நிலத்தில் இருக்கிறேன் என்று பதிந்துவிட்டு வரவேண்டும். அங்கே எப்போதும் கூட்டமும் கூச்சலும்தான். அதைத் தீர்க்க, ஆபீஸ் வாசல்களில் தொடுதிரை மெஷின்களை வைத்தார்கள். அட்டையில் இருக்கிற குத்தகை எண்ணைத் தட்டினால் உங்கள் பெயரும் நிலமும் வரும்; ஒரு பொத்தானைத் தொட்டால் பதிவு முடிந்தது. அந்த மெஷினில் என்ன தெரியவேண்டும், அது என்ன சொல்லவேண்டும் என்பது அக்காவின் பொறுப்பு. பின்னால் ஓடுகிற விவரக் கிடங்கு என் பொறுப்பு.

முதல் சண்டை படத்துக்காக நடந்தது. அறக்கட்டளைத் தலைவர் ஆளுங்கட்சியில் செல்வாக்கானவர். திரையைத் திறந்ததும் பாதி இடத்தில் அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உத்தரவு. எண்ணைத் தட்டுகிற கட்டம் அவருடைய முழங்கைக்குக் கீழே எங்கோ கிடந்தது. "கும்புடுறவரு கொஞ்சம் தள்ளி நின்னு கும்புடட்டும். வர்றவங்க எங்க கை வைக்கணும்னு தெரிய வேணாமா?" என்று அக்கா முதலாளியிடம் மல்லுக்கு நின்றார். படம் ஒரு மூலைக்குப் போனது. அப்புறம் தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. ஒரே வாரத்தில் அறக்கட்டளையிலிருந்து புதுப் படம் வந்தது. அதே சிரிப்பு, அதே கும்பிடு, அதே தலைச் சாயம். தோளில் கிடந்த துண்டின் கரை மட்டும் வேறு நிறம். அக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, துண்டுக்காவது லாகவுட் பண்ணத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இரண்டாவது சண்டை ஒரு வார்த்தைக்காக. எண்ணைத் தட்டியபின் தொடவேண்டிய பொத்தானில் நாங்கள் எல்லோரும் போடுகிற மாதிரி 'உள்நுழை' என்று போட்டிருந்தேன். அக்கா எழுந்து நின்று அதை வாய்விட்டுப் படித்தார். எதை எழுதினாலும் அவர் அப்படித்தான் செய்வார். வாசலில் ஒருவர் வந்து நிற்பதாகவும் இவர் கதவைத் திறந்து அவரிடம் சொல்வதாகவும் நினைத்துக்கொண்டு படிப்பார்.

"நுழையா? மாட்டைக் கொட்டகையில அடைக்கையில கூட நாங்க இப்படிச் சொல்ல மாட்டோம் பாய். அறுபது வயசு மனுசன் செருப்பைக் கழட்டிட்டு வந்து நிப்பாரு. அவரைப் பார்த்து நுழைன்னு சொல்லுமா உங்க மெஷினு?"

"எல்லா எடத்துலயும் அப்படித்தான்க்கா போடுறாங்க."

"எல்லா எடத்துலயும் எங்களை அப்படித்தான் சொன்னாங்க. அதுக்காக?"

அவர் 'உள்ளே வாங்க' என்று மாற்றினார். பேச்சு வழக்காக இருக்கிறதே, 'வாருங்கள்' என்று போடலாமே என்று முதலாளி இழுத்தார். "வாருங்கள்னு மேடையிலதான் சார் சொல்லுவாங்க. வாசல்ல நின்னா வாங்கன்னுதான் சொல்லுவோம்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

இன்னொரு வார்த்தை எங்களுக்கு ஒரு சங்கடத்தையே உண்டாக்கியது. எண்ணுக்குக் கீழே 'கடவுச்சொல்' என்று ஒரு கட்டம் இருந்தது. திருவையாற்றுப் பக்கத்தில் மெஷினை வைத்த புதிதில், மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க நானும் அக்காவும் போயிருந்தோம். ஒரு பெரியவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு விலகிப் போனார். வாய்க்காலில் கைகால் கழுவி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு திரும்பி வந்தார். மெஷின் முன்னால் கண்ணை மூடி நின்று, "ஐயாறப்பா, நான் ஒரு மரக்கா நெல்லுகூட மறைச்சதில்ல" என்றார். கடவுச்சொல்லை அவர் கடவுள் சொல் என்று படித்திருந்தார். குத்தகை நெல்லை ஒழுங்காக அளந்தோமென்று சாமி மேல் சத்தியம் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என் காலை ஓங்கி மிதித்தார். அப்புறம் பெரியவரிடம் போய், "பெரியப்பா, உங்க அட்டைக்குப் பின்னாடி நாலு நம்பர் போட்டிருக்கும் பாருங்க, அதை அமுக்குனா போதும். சத்தியமெல்லாம் வேணாம். நீங்க மறைக்க மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். சாயங்காலமே அந்தக் கட்டம் 'அட்டையின் பின்புறம் உள்ள எண்' என்று மாறிவிட்டது.

அவருக்கு ஆகவே ஆகாத வார்த்தை 'இல்லை'. தவறான எண்ணைத் தட்டினால் வருவதற்கு நான் முதலில் எழுதியிருந்தது இது: 'செல்லாத பயனர். இப்படி ஒருவர் இல்லை.' அதைப் படித்ததும் அக்கா திட்டவில்லை. திட்டாவிட்டால்தான் நான் பயப்படுவேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"எங்க அப்பா ஒருதரம் பண்ணை வீட்டுக்குப் போனாரு. கொல்லைப் பக்கமாத்தான். நானும் கூடப் போனேன். அம்மாவுக்கு ஒடம்பு முடியல, வண்டி கேக்கணும். காரியக்காரன் வந்து ஐயா இல்லன்னான். உள்ள ஊஞ்சல் ஆடுற சத்தம் கேக்குது. கிரீச், கிரீச்சுன்னு. எங்க அப்பாவுக்கும் கேக்குது. ஐயா எப்ப வருவாங்கன்னு கேட்டாரு. தெரியாதுன்னான். அப்பா வெளியிலயே நின்னாரு. ஊஞ்சலும் ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அம்மாவைத் தூக்கிட்டு நடந்தே ஆசுபத்திரிக்குப் போனோம். இல்லன்னு சொல்றவன், யாருக்கு இல்ல, ஏன் இல்ல, இனிமே நான் எங்க போறதுன்னு சொல்லணும் பாய். அதைச் சொல்லாம இல்லன்னா, போடா நாயேன்னு அர்த்தம்."

அன்றைக்கு அவர் ஒரு விதி செய்தார். எந்தச் செய்தியிலும் மூன்று வரி இருக்க வேண்டும். என்ன நடந்தது, அதற்கு யார் பொறுப்பு, அடுத்து என்ன செய்யவேண்டும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி எழுதிச் சுவரில் ஒட்டினார். என்னுடைய 'செல்லாத பயனர்' இப்படி ஆனது:

'மன்னிக்கவும். நீங்கள் தந்த எண் எங்களிடம் கிடைக்கவில்லை. தவறு உங்களுடையது அல்ல. சில நாள் கழித்து மறுபடி வாங்க.'

அப்போது அது அப்பட்டமான உண்மை. பழைய கணக்குகளிலிருந்து குத்தகை எண்களை நாங்கள் இன்னும் ஏற்றி முடிக்கவில்லை. எண் கிடைக்காவிட்டால் தவறு எங்களுடையதுதான். சில நாள் கழித்து வந்தால் கிடைத்துவிடும். கம்பெனி ஆட்கள் நாங்கள் உள்ளே போகிற திரைக்கும் அதையே போட்டார். அதில் மட்டும் எண் என்பதைப் பெயர் என்று மாற்றி, கடைசி வரியை எடுத்துவிட்டார். "நம்ம ஆளுங்கதானே. பக்கத்து நாற்காலியில கேட்டுக்குவாங்க" என்றார்.

சாப்பாட்டு வேளையில் சில நாள் பேச்சு அவர் கல்யாணத்துக்குப் போகும். அதை நாங்களாக எடுக்க மாட்டோம், அவரே எடுப்பார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். போகும்போது "தகவல் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவின் அம்மா அந்தத் தை பூராவும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "புடிக்கலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே மிச்ச பஜ்ஜியைத் தின்னுட்டுத் தூங்கியிருப்போம். அந்தத் தகவல் இன்னும் லோடிங்லயே இருக்கு" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அதற்கப்புறம் நான் டப்பாவை மூடிவிடுவேன்.

மெஷின் வைத்த அடுத்த வருஷம் அறக்கட்டளையின் ஏஜெண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். நிலங்களை மேற்பார்வை பார்ப்பவர் அவர்தான். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். முதலாளியின் அறைக்குப் போகாமல் நேராக அக்காவின் மேசைக்கு வந்து அதை வைத்தார்.

"நீங்கதான் எழுதுறதாமே? பிரமாதம்மா. போன வருஷம் வரைக்கும் எங்க ஆபீஸ் வாசல்ல தெனம் ஒரு ரகளை. இப்பப் பாருங்க, வர்றான், மெஷினைப் பாக்குறான், படிக்கிறான், வாயைப் பொத்திக்கிட்டுப் போயிடுறான்."

"யாரு?"

"நாங்க நீக்குன ஆளுங்கதான். கடலோரம் நெலத்தை எறால் குட்டைக்கு விடுறோம்ல. குத்தகையை நீக்குனா அவங்க நம்பர் மெஷின்ல வராது. ஒங்க மெசேஜுதான் வரும். தவறு உங்களுடையது அல்ல, சில நாள் கழிச்சு வாங்கன்னு. தங்கமான மெசேஜு. அதை மட்டும் மாத்திராதீங்க. இப்ப இங்க திருவையாத்துப் பக்கமும் கொஞ்சம் பேரை எடுத்திருக்கோம், அதுக்கும் இதுவே இருக்கட்டும்."

அக்கா ஸ்வீட் பாக்ஸைத் தொடவில்லை. "நீக்குனதா அவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டார்.

"உள்ள போர்டுல ஒட்டியிருக்கோம்ல. ஒரு மாசத்துக்குள்ள ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம். குடுத்தா விசாரணை முடியுற வரைக்கும் நெலத்துல நாங்க கை வைக்க முடியாது. அதெல்லாம் வெதிப்படி பக்காவா இருக்கு."

ஆபீசுக்கு உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். மெஷின் வாசலில் இருக்கிறது. மெஷின் வந்தபிறகு உள்ளே போகிறவர்கள் யார்? இதை யோசிக்க எனக்கே அரை நிமிஷம் ஆனது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அவர் எப்போதோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். ஏஜெண்டு போனதும் டீக்காரர் வந்தார். அக்கா அவரைத் திட்டாமல் டீயை வாங்கி வைத்தார். டீக்காரருக்கே பதற்றமாகிவிட்டது. "ஒடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். வேலை நாள்தான். மெஷினில் கோளாறு, பார்க்கப் போகிறோம் என்று அக்கா சொல்லியிருந்தார். ஒரு விதத்தில் அதுவும் உண்மைதான்.

இறங்கி நடந்து போன இடத்தில் பாதி வயலும் பாதிக் குழியுமாகக் கிடந்தது. பொக்லைன் வைத்து வரப்பையெல்லாம் வழித்து, மண்ணைக் கரையாகக் குவித்திருந்தார்கள். குழியில் உப்புத் தண்ணீர் நின்றது. அதன் ஓரத்தில் நட்ட நாற்று, வேர்பிடித்துப் பச்சை கட்டி, இப்போது நுனியிலிருந்து கருகிக்கொண்டிருந்தது. அங்கே நின்றவர் பெயர் அஞ்சம்மாள். புருஷன் இல்லை. அந்த வயலில் தனியாகச் சாகுபடி செய்துகொண்டிருந்தவர். அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர் என்பதால் அந்தப் பக்கத்தில் பலருக்கும் மெஷினைப் படித்துச் சொல்வதும் அவர்தான்.

"நீக்கிட்டாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"வண்டி வந்து வரப்பை வெட்டையிலதாம்மா தெரியும். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ மெஷினுக்குப் போனேன். நம்பரு கெடைக்கல, செல நாளு கழிச்சு வாங்கன்னுச்சு. சரின்னு வந்து நாத்து நட்டேன். மறுபடி போனேன், அதையேதான் சொன்னுச்சு."

"உள்ள போயி ஆளுங்கள்ட்ட கேக்கலையா?"

அஞ்சம்மாள் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார். "உள்ள போனா வாடி போடிம்பான். இது மரியாதையாப் பேசுச்சு. தப்பு ஒங்களுதில்லன்னு சொன்னுச்சு. இந்த வயசுக்கு என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல. அதான் நம்பிட்டேன்."

காற்று உப்பாக அடித்தது. அக்கா குழியைப் பார்த்தபடியே, "அதை எழுதுனது நான்தான்" என்றார். சொல்லவேண்டாம் என்று நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன்; அதற்குள் சொல்லிவிட்டார்.

அஞ்சம்மாள் கோபப்படுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்காவும் அதற்குத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்களாம்மா? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் அக்கா பிழைத்திருப்பார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பட்டுக்கோட்டை தாண்டியதும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திருவையாத்துப் பக்கம் நீக்குனவங்களுக்கு மாசம் முடிஞ்சிருச்சா பாய்?" விவரமெல்லாம் என் கிடங்கில்தான் இருந்தது. இன்னும் முடியவில்லை, ஆனால் அதிக நாளும் இல்லை என்றேன்.

ஆபீசுக்கு வந்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே எழுதினார். நீக்கப்பட்டவர்களின் எண்ணும் தேதியும் திரைக்குத் தெரியும்படி நான் இணைத்துக் கொடுத்தேன். அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டால், யாரும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் எழுதியது இது:

'உங்கள் குத்தகையை நாங்கள் நீக்கிவிட்டோம். நீக்கியது அறக்கட்டளை நிர்வாகம். நீங்கள் இதை மறுக்கலாம். சில நாள் கழித்து வராதீர்கள். கீழே உள்ள தேதிக்குள் உள்ளே போய் ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.'

"மன்னிக்கவும் போடலையாக்கா?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

"மன்னிப்புக் கேட்டா அவங்க மன்னிச்சிருவாங்க பாய். மன்னிக்கக் கூடாது."

எழுந்து நின்று படிக்கிற வழக்கப்படி அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். அவருடைய நேர்ப்பேச்சுக்கும் திரைப்பேச்சுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது அந்த ஒரு செய்தியில்தான். படித்து முடித்ததும் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை பதிவுக்கு வந்த திருவையாற்றுப் பக்கத்துக் குத்தகைக்காரர்களில் யாரோ ஒருவருக்கு முதலில் அது வந்திருக்கிறது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் மற்றவர்களைக் கூட்டிவந்திருக்கிறார். மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது. விபூதி பூசிக்கொண்டு வந்த பெரியவரும் அதில் இருந்தாராம். எல்லோரும் உள்ளே போய் எழுதிக் கொடுத்து, ரசீது கொடுக்கும்வரை நகரவில்லை என்று கேள்விப்பட்டோம். விசாரணை இழுத்துக்கொண்டே போனது. அதுவரை அந்த நிலங்களில் யாரும் கை வைக்கவில்லை. சாயங்காலம் அறக்கட்டளைக்காரர்கள் மெஷினின் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார்கள்.

அஞ்சம்மாளுக்கு மாதம் தாண்டியிருந்தது. அவர் வயல் குட்டையாகவே ஆனது. அந்த வருஷம் நான் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது வாப்பாவோடு அந்த வழியாகப் போக நேர்ந்தது. முள்கம்பி போட்டிருந்தார்கள். ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அஞ்சம்மாள் மகள் வீட்டோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாக அவர் சொன்னார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல அவர் எங்கே இருந்தார் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

மெஷினைச் சாக்குப் போட்டு மூடியதற்கு அடுத்த நாள் அக்கா வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்தார். கீழே முதலாளியின் கார் நின்றிருந்தது. சார் இன்னும் வரவில்லை என்று வரவேற்பில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அக்கா தன் மேசைக்கு வந்தார். சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, தன் பெயரையும் எண்ணையும் தட்டி, 'உள்ளே வாங்க' என்ற பொத்தானை அழுத்தினார்.

திரை ஒரு கணம் யோசித்தது. அப்புறம் அவர் எழுதியதே அவருக்கு வந்தது. அவர் எழுந்து நின்றார். வாசலில் ஒருவர் வந்து நிற்பதைப்போல, அதை வாய்விட்டுப் படித்தார்.

"மன்னிக்கவும். நீங்கள் தந்த பெயர் எங்களிடம் கிடைக்கவில்லை. தவறு உங்களுடையது அல்ல."

இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். அதையேதான் சொன்னது. ஆபீசில் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் திட்டவாவது செய்யட்டும் என்று இருந்தது.

"மூணாவது வரி எங்க பாய்?" என்றார் அக்கா. குரல் மெதுவாக இருந்தது. திருவையாற்றில் அந்தப் பெரியவரிடம் பேசிய குரல். "அடுத்து என்ன செய்யணும்னு சொல்லவே இல்லையே இது."

பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தெரியவில்லை.